இலங்கையில் முதுமைக்கால உதவியும் கடற்றொழிலாளரும்

ஓர் அரசின் பெருமையை அதன் படைவலியாலும் கருவூலத்தாலும் அளந்தறிவோர் பலர். உழைத்துத் தளர்ந்த குடியானவனை அவ்வரசு எங்ஙனம் பேணிற்று என்று வினவுவோர் சிலரே. இவ்வினா எமக்கு நூல்வழி எழுந்ததன்று. மன்னார்த் தீவின் வடகரையில், மன்னார் நகருக்கும் தலைமன்னாருக்கும் இடையே அமைந்த பேசாலை என்னும் கடற்றொழிற் கிராமத்தில் ஆசிரியப் பணி புரியும் எம்மிடம், மாணவன் ஒருவனின் பாட்டனார் உதவிப்பணத்திற்கான விண்ணப்பப் பத்திரமொன்றை நிரப்பித் தருமாறு கொணர்ந்தார். ஐம்பது ஆண்டுக்கு மேலாகக் கடலோடியவர் அவர். பத்திரத்தில் 'தொழில்கொள்வோரின் பெயரும் விலாசமும்' என அச்சிட்டிருந்த இடத்தில் யாம் பேனாவை நிறுத்தினோம். முதியவர் சிரித்தார். "அதிலை என்னத்தை எழுதப் போறியள், மாஸ்டர்? கடலெண்டு எழுதுங்கோ" என்றார்.

அவ்வெற்றிடத்தை யாம் ஒரு சிறு கோடிட்டு நிரப்பினோம். ஆயினும் அக்கோட்டின் பின்னே நீண்டதொரு வரலாறு உண்டு. அதனை ஒருவாறு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பணி செய்தாரையும், பணியில் மாய்ந்தார் குடும்பத்தையும் பேணுதல் தமிழர்க்குப் புதிய வழக்கமன்று. போரில் இறந்துபட்டோர் வழியினர்க்கு 'உதிரப்பட்டி' என்னும் பெயரால் நிலம் வழங்கப்பட்டமையைக் கல்வெட்டுக்கள் காட்டுகின்றன. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரைக் குடியமர்த்தி, பங்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல் வகுத்தான். பங்குடையார் இறந்தாலும் வேற்றூர் சென்றாலும் அவர்க்கு அடுத்த உறவினர் அப்பங்கினைப் பெற்று அப்பணியைச் செய்யவேண்டும் என்றும், தாம் தகுதியற்றவராயின் தகுதியுடையாரைக் கொண்டு செய்விக்கவேண்டும் என்றும் அங்குள்ள கல்வெட்டு விதிக்கின்றது. இதில் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. உதவியானது பணியைத் தொடர்ந்தே சென்றது. அரசனுக்கோ கோயிலுக்கோ பணி செய்தவனுடைய உரிமை கல்லில் ஏறிற்று. தன் பொறுப்பில் உழுதவனுக்கும் வலை வீசியவனுக்கும் சுற்றமே துணையாயிற்று.

பிரித்தானியர் ஆட்சியிலும் இவ்வழக்கமே வேறு உருவில் தொடர்ந்தது. 1898 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் அரசாங்க உத்தியோகத்தரின் விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் ஓய்வூதிய நிதி நிறுவப்பட்டது. 1901 இல் ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பு நடைமுறைக்கு வந்தது. இப்பிரமாணத்தின்படி உத்தியோகத்தர் தம் ஓய்வூதியத்திற்கெனத் தனியே எதுவும் செலுத்த வேண்டியதில்லை. அது பொதுவருவாயிலிருந்தே வழங்கப்படுவது. இச்செய்தியைப் படிப்போர் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம்; இறுதியில் இதனை மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

இதே காலத்தில் மேலைநாடுகளில் வேறொரு கருத்து முளைத்தது. 1889 இல் யேர்மனியில் பிஸ்மார்க்கு தொழிலாளருக்கு முதுமைக் காப்புறுதிச் சட்டம் இயற்றினார். 1908 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் 70 வயது நிரம்பிய வறியோருக்குக் கிழமைக்கு ஐந்து ஷில்லிங் வரை வழங்கச் சட்டம் செய்தது. அதனைப் பெறுவதற்கு ஒருவர் எவரிடம் வேலை செய்தார் என்பது வினாவன்று. முதுமையும் வறுமையும் போதுமானவை. தன் நாட்டில் ஏழைக்கு ஈந்த அவ்வரசு, இலங்கையில் உத்தியோகத்தனுக்கு மட்டுமே ஈந்தது.

1931 இல் சர்வசன வாக்குரிமை கிடைத்தபின் நிலைமை சிறிது நெகிழ்ந்தது. 1934 இல் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும், 1939 இல் வறியோர் சட்டமும் பிறந்தன. பின்னையது கொழும்பு, கண்டி, காலி ஆகிய மாநகரங்களில் ஏழைகளைப் பேணும் பொறுப்பை மாநகர சபைகளிடம் ஒப்படைத்தது. ஏனைய இடங்களில் அரசாங்கமே பொது உதவிப்பணம் வழங்கிற்று. சேர் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையிலான சமூகசேவை ஆணைக்குழு இவற்றையெல்லாம் ஆராய்ந்து 1947 இல் அறிக்கை வெளியிட்டது. மறு ஆண்டு சமூகசேவைத் திணைக்களம் உருவாயிற்று. ஆயினும் பொது உதவிப்பணத்திற்கு எம்மக்கள் இட்ட பெயர் 'பிச்சைச் சம்பளம்' என்பதாகும். உத்தியோகத்தர் பெற்றதைப் 'பென்சன்' என்றும், ஏழை பெற்றதைப் 'பிச்சைச் சம்பளம்' என்றும் வழங்கிய நாவு, அரசியலறிஞர் பல பக்கங்களில் எழுதுவதை இரண்டு சொல்லில் கூறிவிட்டது. ஒன்று உரிமை, மற்றையது இரக்கம்.

இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழியொன்றும் அக்காலத்தில் திறந்திருந்தமையை மறத்தலாகாது. உலகப் போர்க்காலத்தில், 1942 இல், தொடங்கிய அரிசிப் பங்கீடும், 1945 இன் இலவசக் கல்வியும், அரசினர் வைத்தியசாலைகளும் குடிமக்கள் எல்லோருக்கும் பொதுவாயிருந்தன. கூப்பன் புத்தகத்தைக் கொண்டு சங்கக்கடைக்குச் சென்றவரிடம் எவரும் தொழில்கொள்வோரின் பெயரை வினவவில்லை. 1953 இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்து 12 ஆம் நாள் நாடு தழுவிய ஹர்த்தால் மூண்டதும், பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்ததும் இப்பொது உரிமையை மக்கள் எத்துணை உயர்வாய்க் கருதினர் என்பதற்குச் சான்றாம்.

1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி தோன்றியமை அடுத்த பெரும் படியாகும். தொழில் அமைச்சராயிருந்த ரி. பி. இலங்கரத்ன இதனை நிறைவேற்றுவித்தார். தொடக்கத்தில் ஊழியர் சம்பளத்தில் நூற்றுக்கு 4, தொழில்கொள்வோர் நூற்றுக்கு 6 எனச் செலுத்தினர். இவை பின்னர் 8 ஆகவும் 12 ஆகவும் உயர்ந்தன. தனியார் துறை ஊழியர் இலட்சக்கணக்கானோர்க்கு இஃது ஊன்றுகோலாயிற்று என்பதில் ஐயமில்லை. ஆனால் இதன் வாயிலில் நுழைதற்குச் சம்பளப் பட்டியலிற் பெயர் இருத்தல் வேண்டும்.

கடற்றொழிலிற் சம்பளப் பட்டியல் ஏது? கரைவலையிற் பட்ட மீனை விற்றுச் செலவு கழித்தபின், எஞ்சியது சம்மாட்டியாருக்கும் வலைக்கும் வள்ளத்திற்கும் தொழிலாளருக்கும் பங்காகப் பிரிக்கப்படும். மீன் படாத நாளிற் பங்கும் இல்லை. இம்முறை கடலின் இயல்புக்கு ஏற்றதே. ஆதாயத்தையும் இழப்பையும் எல்லோரும் பகிர்ந்துகொள்ளுதல் அதன் அறம். எனினும் சட்டத்தின் கண்ணுக்குப் பங்காளி ஊழியன் அல்லன். ஊழியன் அல்லாதவனுக்குத் தொழில்கொள்வோன் இல்லை; தொழில்கொள்வோன் இல்லாதவனுக்கு நிதியில் இடமில்லை. 1941 இல் அமைந்த கடற்றொழிற் றிணைக்களமும், 1964 இல் அமைந்த கடற்றொழிற் கூட்டுத்தாபனமும் படகுக்கும் இயந்திரத்துக்கும் சந்தைக்கும் வழிகாட்டின. தொழிலுக்கு உதவி கிடைத்தது; தொழிலாற் களைத்தவனுக்குக் கிடைக்கவில்லை.

இம்முரண்பாடு பேசாலையின் வழியே சென்ற புகைவண்டியிலும் பயணஞ் செய்தது. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகத் தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் இவ்வழியாகவே தலைமன்னார் சென்று கப்பலேறினர். அவர்கள் இந்நாட்டின் குடியுரிமை மறுக்கப்பட்டோர். தலைமுறை தலைமுறையாய் உழைத்த மண்ணைத் துறந்து போனோர். அவர்க்கிழைத்த அநீதி பெரிது. ஆயினும் சம்பளப் பட்டியலில் இருந்த காரணத்தால், சேமலாப நிதியைத் தம்முடன் கொண்டுபோக அவர்க்கு உரித்திருந்தது. புகைவண்டிப் பாதைக்கு அப்பால் வலை உலர்த்திய மீனவனோ வாக்குரிமையுடைய குடிமகன். அவன் பெயரில் எந்நிதியிலும் ஒரு சதமேனும் சேரவில்லை. குடியுரிமை ஒருபுறமும் முதுமைக்கால உரிமை மறுபுறமுமாய்ப் பிரிந்து நின்றன. ஒன்றை உடையவனுக்கு மற்றையது இல்லை.

1979 இல் அரிசிப் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரைகள் வந்தபோது, எல்லோர்க்கும் உரிய உதவி தெரிந்தெடுக்கப்பட்டோர்க்கு மட்டும் உரியதாய்ச் சுருங்கிற்று. 1989 இல் ஜனசவியவும் 1995 இல் சமுர்த்தியும் அவ்வழியே வந்தன. எனினும் சம்பளப் பட்டியலுக்கு வெளியே உள்ளோரைப் பற்றிய சிந்தனையும் அக்காலத்தில் எழுந்தது. 1987 இன் 12 ஆம் இலக்கச் சட்டம் விவசாயிகளுக்கும், 1990 இன் 23 ஆம் இலக்கச் சட்டம் மீனவர்களுக்கும் ஓய்வூதிய, சமூகப் பாதுகாப்புத் திட்டங்களை வகுத்தன. மீனவன் தன் வயதுக்கேற்ற தவணைப்பணத்தைச் செலுத்திவரின் முதுமையில் மாத ஓய்வூதியம் பெறலாம் என்பது இத்திட்டத்தின் சாரம். இலங்கையின் சட்டநூலில் கடலோடியின் முதுமைக்கு இடமளித்த செயல் இஃது.

ஆனால் 1990 ஆம் ஆண்டை மன்னார் மக்கள் நினைவுகூர்வது வேறு காரணத்தால். அவ்வாண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவின் முஸ்லிம் கிராமங்களும் வெறிச்சோடின. தமிழ்க் குடும்பங்கள் பல படகேறி இராமேசுவரம் சென்று மண்டபம் முகாமை அடைந்தன. ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர் ஆணையாளர் அலுவலகம் மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்களை அமைத்தது. கொழும்பில் மீனவருக்கு ஓய்வூதியச் சட்டம் நிறைவேறிய ஆண்டிலேயே, பேசாலை அகதிகள் தங்கும் இடமாயிற்று. கடலுக்குச் செல்லத் தடையும் அனுமதியும் மாறிமாறி வந்த காலத்தில், படகும் வலையும் இழந்தவன் தவணைப்பணத்தை எங்ஙனம் ஒழுங்காய்ச் செலுத்துவான்? இடையறாத உழைப்பையும் இடையறாத அமைதியையும் எதிர்பார்த்து வகுத்த திட்டம், இவ்விரண்டும் இல்லாத கரையில் வேரூன்றுதல் அரிதாயிற்று.

2009 இற் போர் முடிந்தது. 2015 இற் புகைவண்டி மீண்டும் தலைமன்னாரை எட்டியது. ஆனால் இழந்த ஆண்டுகளுக்கான தவணைகளை எந்தப் புகைவண்டியும் கொண்டுவரவில்லை. 2022 இல் நாடு வெளிநாட்டுக் கடனை இறுக்க இயலாது நின்றபோது, ஓகஸ்து மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. சிறு படகுகளின் இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுவன ஆதலின், அவ்விலையுயர்வு கடற்கரையின் அடுப்புக்களை நேரே தாக்கிற்று. 2023 யூலையில் சமுர்த்திக்குப் பதிலாக வந்த அஸ்வெசும திட்டம் குடும்பங்களை நான்கு வகுப்பாய்ப் பிரித்து, மாதம் 2,500 ரூபாவிலிருந்து 15,000 ரூபா வரை வழங்கத் தொடங்கிற்று. இதனாற் பலர் உயிர்த்தனர். எனினும் வீட்டுக் கூரையையும் மின்கட்டணத்தையும் எண்ணி வறுமையை அளக்கும் இம்முறையில், ஒருவன் உழைத்த ஆண்டுகளுக்கு மதிப்பில்லை. அது பழைய பொது உதவிப்பணத்தின் வழிவந்ததே.

கடலுக்கு அப்பாலுள்ள எம் அயலவர் செய்தவற்றையும் ஒப்புநோக்குதல் பயன்தரும். சென்னை மாநிலத்தில் 1962 இலேயே ஆதரவற்ற முதியோர்க்கு மாதம் 20 ரூபா வழங்கும் திட்டம் தொடங்கிற்று. இன்று தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில், மீன்வளம் பெருகும்பொருட்டு விசைப்படகுகள் ஆண்டுதோறும் ஏப்பிரல் 15 முதல் 61 நாட்கள் கரையில் நிற்க, அந்நாட்களுக்கு மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் அளிக்கின்றது. கேரளம் 1985 இல் மீனவர் நல நிதிச் சட்டத்தை இயற்றியபோது, மீன் வணிகரிடமிருந்தும் பங்கு பெற வழிசெய்தது. பங்காளிக்குத் தொழில்கொள்வோன் இல்லையெனினும் அவன் பிடித்த மீனை வாங்குவோன் உண்டு என்பதைக் கேரளத்தார் கண்டுகொண்டனர். பேசாலைக் கரையில் நாள்தோறும் ஏலங்கூறி விற்கப்படும் மீனின் விலையில் ஒரு சிறு கூறு பிடித்தவன் பெயரில் வைப்பிலிடப்படுமாயின், பத்திரத்தின் வெற்றிடம் நிரம்பிவிடும் அன்றோ?

நாட்டின் நிதிநிலை இதற்கு இடந்தராது என்பர் சிலர். அவர் கூற்றில் உண்மையில்லாமல் இல்லை. விவசாயிகளின் ஓய்வூதிய நிதி வற்றிக் கொடுப்பனவு தடைப்பட்டு, 2014 இலேயே மீண்டும் தொடங்கியமை தவணைப்பணத்தை மட்டும் நம்பிய திட்டத்தின் நலிவைக் காட்டுகின்றது. எழுதிவைத்த உரிமைக்குப் பின்னே பொதுப்பணம் நில்லாவிடின் அது நெடுநாள் நிலைக்காது. ஆனால் அரசாங்க உத்தியோகத்தரின் ஓய்வூதியம் எப்பணத்தில் நிலைக்கின்றது? முன்னரே கூறியபடி, பொதுவருவாயில். அவ்வருவாயிற் பெரும்பகுதி பொருள்களின் மீது விதிக்கப்படும் வரியால் வருவது. 2024 சனவரி முதல் பெறுமதிசேர் வரி நூற்றுக்கு 18. துணி வாங்கும்போதும் படகின் இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் வாங்கும்போதும் மீனவன் வரி இறுக்கின்றான். எத்தனை தவணை இறுத்தான் என்று பற்றுச்சீட்டு மட்டும் அவனுக்குக் கிடைப்பதில்லை.

இவ்வுண்மை எம்மை நாணச் செய்கின்றது. யாம் இளைப்பாறும் நாளில் எமக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் வரும். அதற்கு எம் மாணவனின் பாட்டனார் ஐம்பது ஆண்டு வரியிறுத்திருக்கின்றார். அவருடைய முதுமைக்கு யாம் இறுத்தது யாது? ஒரு பத்திரத்தை நிரப்பிக் கொடுத்தோம். அதிலும் ஓரிடத்தில் கோடிட்டோம்.

உத்தியோகத்தரின் உரிமையைக் குறைக்கவேண்டும் என்பது எம் கருத்தன்று. வேலியைப் பிடுங்குவதால் எவர்க்கும் நிழல் கிடையாது. வேலியை அகல இடுதலே வேண்டுவது. வறியோரின் உழைப்பும் நாட்டுக்குச் செய்த பணியே என்று அரசு ஏற்குமாயின், முதுமைக்கால உதவிக்கு இரண்டு பெயர் வேண்டியதில்லை. அந்நாளில் அம்முதியவரின் பேரப்பிள்ளைகள் கொணரும் பத்திரத்திலும் 'தொழில்கொள்வோர்' என்னும் இடம் இருக்கக்கூடும். அவ்விடத்தில் எழுதுதற்கு விடை யாதென்று அவர்க்கு ஐயமிராது. கடலில் உழைத்தவன் நாட்டுக்கு உழைத்தவன். நாடே அவன் தொழில்கொள்வோன்.