பறக்கத் தெரியாதவர்களின் வரலாறு

பண்டாரவளையில் வளர்ந்த எங்களுக்குத் தியத்தலாவை பக்கத்து ஊர். அங்கே விமானப்படையின் பயிற்சி முகாம் இருப்பதாலோ என்னவோ, எங்கள் செட்டில் நாலைந்து பேராவது சின்ன வயசில் "நான் பைலட் ஆவேன்" என்று சொன்னவர்கள்தான். லயத்தில் கிடைத்த பதிலும் ஒன்றுதான்: "அதெல்லாம் நம்ம பிள்ளைகளுக்குச் சரிவராது." காசு இல்லை என்று சொல்லியிருந்தால் வலித்தாலும் ஏற்றுக்கொண்டிருப்போம். ஆனால் அந்தப் பதிலுக்குள் வேறொன்று இருந்தது. சிலருக்குப் பிறவியிலேயே வரும், மற்றவர்களுக்கு என்ன செய்தாலும் வராது என்ற நம்பிக்கை அது. விமானம் ஓட்டக் கற்றவர்களின் வரலாற்றைப் படித்தபோது, அந்த நம்பிக்கை எவ்வளவு பொய் என்று எங்களுக்கு விளங்கியது.

முதலில் ரைட் சகோதரர்கள். 1901இல் அவர்கள் கட்டிய கிளைடர் கணக்குப் போட்டபடி எழும்பவில்லை. ஊருக்குத் திரும்பும்போது வில்பர் வெறுத்துப்போய், நம் காலத்தில் மனிதன் பறக்கவே மாட்டான் என்ற அளவுக்குப் பேசியிருக்கிறார். அதற்குப் பிறகு அவர்கள் செய்த வேலைதான் முக்கியம். தங்களைக் குறை சொல்வதை விட்டுவிட்டு, நம்பியிருந்த கணக்கைச் சந்தேகப்பட்டார்கள். சைக்கிள் கடையில் ஒரு காற்றுச் சுரங்கம் செய்து, ஏறக்குறைய 200 சின்னச் சின்ன இறக்கை மாதிரிகளைச் சோதித்தார்கள். பழைய அளவுகள் பிழை என்று தெரிந்தது. 1902இல் புதிய கிளைடரில் நூற்றுக்கணக்கான தடவை சறுக்கிப் பழகினார்கள். 1903 டிசம்பர் 17இல் வந்த அந்த முதல் 12 செக்கன் பறப்புக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

அடுத்தது, எங்களை அதிகம் யோசிக்க வைத்த ஆள்: ராபர்ட் ஸ்மித்-பாரி. முதலாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானியாவில் பறக்கப் பழகுவதே உயிரைப் பணயம் வைக்கிற காரியம். என்ஜின் சத்தத்தில் ஆசிரியர் கத்துவது மாணவனுக்குக் கேட்காது. சில மணித்தியாலப் பழக்கத்தோடு தனியே அனுப்பிவிடுவார்கள். விழுந்தால், அவனுக்குத் திறமை போதாது என்று முடிவு. 1914இல் விபத்தில் இரண்டு காலும் முறிந்தவர் ஸ்மித்-பாரி. அரைகுறையாகப் பழகிய பையன்கள் போர்முனைக்கு வருவதைப் பார்த்து மேலிடத்துக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். 1917இல் இங்கிலாந்தின் கொஸ்போர்ட்டில் அவரிடமே ஒரு பயிற்சிப் பள்ளியை ஒப்படைத்தார்கள்.

அவர் செய்த மாற்றங்கள் கேட்கச் சின்னவை. ஆசிரியருக்கும் மாணவருக்கும் தனித்தனிக் கட்டுப்பாடுகள். விமானி உட்காரும் ஆசனத்தில் மாணவர். இருவரும் பேச ஒரு குழாய். எல்லாவற்றையும்விடப் பெரியது, ஆபத்தை ஒளிக்காதது. விமானம் சுழன்று விழுவது அந்தக் காலத்தில் எல்லோருக்கும் பெரிய பயம். அவரது பள்ளியில் ஆசிரியர் கூட இருக்க, போதிய உயரத்தில், வேண்டுமென்றே விமானத்தைச் சுழல விட்டு மீளப் பழக்கினார்கள். மூக்கு கீழே போகும்போது கை தானாகவே கம்பைப் பின்னுக்கு இழுக்கும். அது நிலைமையை இன்னும் கெடுக்கும். முன்னுக்குத் தள்ளணும் என்பதை உடம்புக்குப் பழக்க, திரும்பத் திரும்பச் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. தைரியம் வந்த பிறகு பறக்கலாம் என்று அவர் யாரையும் காத்திருக்கச் சொல்லவில்லை. பிழை விட்டு மீண்டு வந்ததும் தைரியம் தானாக வந்தது.

அந்த முறை உலகமெங்கும் பரவியது. பிறகு வந்த மொத் விமானங்களிலும் இரட்டைக் கட்டுப்பாடு இருந்தது. இந்தியாவின் பறத்தல் கழகங்களில் பலர் பழகியது அவற்றில்தான். 1935 நவம்பர் 27இல் இரத்மலானையில் முதல் விமானத்தை இறக்கியவரும் மதராஸ் பறத்தல் கழகத்தின் ஆசிரியர் டின்டேல் பிஸ்கோதான்.

அடுத்த வருஷம், லாகூரில் சரளா தக்ரல் 21 வயதில், சேலை கட்டிக்கொண்டு, ஒரு பிள்ளைக்குத் தாயாக விமானி உரிமம் எடுத்தார். ஆனால் கணவர் இறந்து, போரும் வர, அவரது வர்த்தக விமானிக் கனவு நின்றுபோனது. ஓவியம், வடிவமைப்பு என்று வேறு வழியில் வாழ்ந்தார். அதனால் "நம்பிக்கை இருந்தால் போதும்" என்று நாங்கள் சொல்லமாட்டோம். காசும் வாய்ப்பும் வேண்டும். தோட்டச் சம்பளத்தில் பறத்தல் பள்ளிக் கட்டணம் கட்ட ஏலாது என்பது நிஜம். ஆனால் அது காசுப் பிரச்சினை. மண்டையில் இருக்கிற குறை இல்லை.

இன்றும் புதிதாகப் பழகுபவர்கள் அதிகம் நொந்துபோவது தரையிறக்கும்போதுதான். மூக்குக்கு நேரே தெரியும் தரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சக்கரம் தடாரென்று இடிக்கும். ஓடுபாதையின் தூரத்து முனையைப் பார்க்கச் சொல்வார் ஆசிரியர். பல நாள் முன்னேற்றமே தெரியாது. பிறகு ஒரு நாள் பிடிபடும்.

இதைப் படித்துவிட்டு நாங்கள் எங்களைத்தான் நினைத்தோம். கம்பஸில் முதல் வருஷம் இங்கிலிஷ் லெக்சர் விளங்காமல் பின்வாங்கில் ஒளிந்திருந்தவர்கள் நாங்கள். லீவுக்கு ஊருக்கு வந்து தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது, "உனக்கு இது மண்டையில ஏறாதுடா" என்று நாங்களே சொல்லியிருக்கிறோம். லயத்தில் எங்களுக்குச் சொன்ன அதே வசனம்.

அடுத்த வகுப்பில் சோக்கட்டியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, நாங்கள் பக்கத்தில் நிற்கப் போகிறோம். பிழை விடட்டும். மீண்டு வரும்வரைக்கும் நிற்போம்.