நரம்புத் தளர்ச்சியா, தசைச் சிதைவா? ஒரு மருத்துவ வரலாறு



அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி செல்லும் வழியில் சுவரொட்டிகளைப் பார்த்துக்கொண்டே வந்தால் ‘நரம்புத் தளர்ச்சி’ என்ற சொல் கண்ணில் படாமல் போகாது. கை நடுங்கினாலும் அதுதான். கால் மரத்துப்போனாலும் அதுதான். பிள்ளை ஓட முடியாமல் விழுந்தாலும் அதுவே. எங்கள் மதரஸாவில் ஓதிவந்த ஒன்பது வயது மாணவன் ஒருவனுக்கும் வீட்டார் அந்தப் பெயரையே சொன்னார்கள். ஸஜ்தாவிலிருந்து நிலைக்கு வரும்போது அவன் முதலில் முழங்காலையும் பிறகு தொடையையும் கைகளால் பற்றி, தன் உடல்மீதே ஏறுவதுபோல் எழுவான். சோம்பல் என்றெண்ணி இருமுறை அவனைக் கடிந்திருக்கிறேன். இவ்வாறு எழும் பிள்ளைகளைப் பற்றி 1879ஆம் ஆண்டிலேயே இலண்டன் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் விரிவாக எழுதியிருக்கிறார் என்பது பின்னரே தெரிந்தது. அந்த வருத்தத்தில் தேடிப் படித்தவையே இக்கட்டுரை.

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. தமிழில் யாழின் தந்தியும் நரம்பு. புறங்கையில் புடைத்துத் தெரியும் இரத்தக் குழாயும் நரம்பு. அரபியில் நரம்பைக் குறிக்கும் ‘அஸப்’ என்ற சொல், கட்டுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. வாரிசுரிமைச் சட்டத்தில் நாம் ஓதும் ‘அஸபா’வும் அதே வேர்தான். கிரேக்கர்களும் நரம்பையும் தசைநாணையும் ஒரே சொல்லால் அழைத்தனர். இப்னு ஸீனா (980–1037) தமது ‘கானூன்’ நூலில், உணர்வும் அசைவும் மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் நரம்புகள் வழியே செல்வதை விளக்குகிறார். ஆனால் கேலனைப் பின்பற்றி, நரம்பிழைகளும் பிணைப்பிழைகளும் சதையும் சேர்ந்ததே தசை என்கிறார். நரம்பே தசையின் ஒரு பகுதி என்றிருந்த அந்தப் பார்வையில், தசைக்கென்று தனி நோய் ஒன்றைக் காண்பது எளிதாக இருந்திராது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த முடிச்சு 19ஆம் நூற்றாண்டில்தான் அவிழ்ந்தது. அதுவும் நேர்வழியில் அன்று. 1850இல் பாரிஸ் மருத்துவர் அரான், தசைகள் படிப்படியாக மெலியும் நோயாளிகளை விவரித்து, பழுது தசையில்தான் என்று கருதினார். 1853இல் குருவேல்யே, அந்நோயால் இறந்த ஒரு சர்க்கஸ்காரரின் உடலை அறுத்துப் பார்த்தபோது, தண்டுவடத்தின் முன்பக்கத்திலிருந்து கிளம்பும் நரம்பு வேர்கள் நூலாக மெலிந்திருந்தன. தசை மெலிந்ததற்குக் காரணம் நரம்பு! 1869இல் ஷார்கோவும் ஜோஃப்ருவாவும் தண்டுவடத்தின் முன்பகுதி அணுக்களே அழிகின்றன என்று காட்டினர்.

அப்படியானால் எல்லா மெலிவும் நரம்பு நோய்தானா? இல்லை. இலண்டனில் எட்வர்ட் மெரியன், ஒரே குடும்பத்துச் சிறுவர்கள் அடுத்தடுத்து நடை இழந்ததை ஆராய்ந்து 1852இல் வெளியிட்டார். இறந்த சிறுவனின் தண்டுவடமும் நரம்புகளும் பழுதின்றி இருந்தன. தசை இழைகளே சிதைந்து கிடந்தன. அவரைப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. பின்னர் 1868இல் விரிவாக எழுதிய டுஷென்னின் பெயரே அந்நோய்க்கு நிலைத்தது. உயிருடன் இருக்கும் நோயாளியின் தசையிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்க்க ஊசி ஒன்றைச் செய்தவரும் அவரே. ஆயினும் மெரியனுக்கும் ஒரு வரி இடம் கொடுத்திருக்கலாம்.

இந்த வேறுபாடு ஒரு மனிதனின் கையில் என்ன செய்யும் என்பதை அறிய நமது தமிழகத்துக்கே வரவேண்டும். 1947இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் பால் பிராண்ட், செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். நோயாளிகளின் மடங்கிய கைகள் அழுகிப் பயனற்றவை என்பதே அன்றைய பொதுக்கருத்து. ஒரு நோயாளியிடம் தமது கையை இறுகப் பிடிக்கச் சொன்னார் பிராண்ட். பிடி வலித்தது! அப்படியானால் அந்தக் கையில் நல்ல தசைகள் இன்னும் இருக்கின்றன. எவை செத்தவை, எவை உயிருள்ளவை என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. முழங்கை, மணிக்கட்டு போன்று நரம்பு தோலையொட்டி ஓடும் இடங்களிலேயே நோய் அதைத் தாக்கியிருந்தது; அவ்விடத்துக்கு மேலே கிளை பெறும் முன்கைத் தசைகள் நலமாக இருந்தன. 1948இல் வேலூரில் அத்தகைய நல்ல தசை ஒன்றின் நாணை எடுத்து, செயலிழந்த விரல்களில் இணைத்தார். விரல்கள் விரிந்தன. நோய் தசையிலேயே இருந்திருந்தால் இந்த அறுவைக்கு இடமே இருந்திராது.

ஆவடி மின்சார ரயிலில் மூர்மார்க்கெட் நிலையத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் வரும் சென்னை அரசுப் பொது மருத்துவமனைக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. அங்கே 1950இல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கியவர் டாக்டர் பி. இராமமூர்த்தி. அவரும் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன் ஆகியோரும் இளம் நோயாளிகள் சிலரிடம் கண்ட விசித்திரமான நோயை 1970இல் வெளியிட்டனர். கைகால் மெலிகிறது, முகத்தசையும் விழுங்கும் தசையும் தளர்கின்றன, கூடவே காதும் மந்தமாகிறது. ஷார்கோ கண்ட இயக்க நரம்பணு நோய் பெரும்பாலும் நடுவயதுக்குப் பின் வந்து சில ஆண்டுகளில் உயிரைப் பறிப்பது. இதுவோ மெல்ல நகர்கிறது; பலர் பல்லாண்டு வாழ்கின்றனர். பெரும்பாலும் தென்னிந்தியாவிலேயே காணப்படுவதால் உலக மருத்துவ நூல்களில் இது ‘மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய்’ என்றே வழங்குகிறது. பார்வைக்குத் தசைநோய், வேரோ நரம்பணுவில்.

இன்று மருத்துவர் கேட்கும் கேள்விகள் இந்த வரலாற்றிலிருந்து வந்தவை. மரத்துப்போகிறதா, எரிகிறதா? பலவீனம் விரல்களிலும் பாதத்திலும் தொடங்கியதா? அப்படியாயின் ஐயம் நரம்பின் மீது. நம்மிடையே அதற்கு முதற்காரணம் சர்க்கரை நோய். உணர்ச்சி குறையாமல் இடுப்பும் தோளும் முதலில் தளர்ந்தால் ஐயம் தசையின் மீது. ஆனால் தண்டுவட அணுக்கள் அழியும்போதும் உணர்ச்சி மாறாமலே தசை மெலியும். அதனால் கேள்விகள் மட்டும் போதா. சி.பி.கே. என்னும் இரத்தப் பரிசோதனை, நரம்பு மின்கடத்தல் சோதனை, தேவைப்பட்டால் மரபணுச் சோதனை ஆகியவை வேண்டும். சுவரொட்டி வைத்தியர் இவற்றில் ஒன்றையும் கேட்பதில்லை.

எங்கள் மாணவனுக்கு இரத்தத்தில் அந்த அளவு பன்மடங்கு உயர்ந்திருந்தது. மரபணுச் சோதனை டுஷென் நோயை உறுதிசெய்தது. முற்றாகக் குணமாக்கும் மருந்து இல்லை. ஸ்டீராய்டு மருந்தும் முறையான உடற்பயிற்சியும் நடை இழப்பதைச் சில ஆண்டுகள் தள்ளிவைக்கும். செய்தி வந்த அன்று வீட்டில் எழுந்த முதல் கேள்வி, “இது எந்த வீட்டு வழியில் வந்தது?” என்பதே. தாயார் தலைகுனிந்து நின்றார். இந்நோயின் மரபணு தாய்வழியே மகனுக்கு வருவது உண்மைதான். ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளிடம் அது முன்னோர் எவரிடமும் இல்லாமல் புதிதாகத் தோன்றுகிறது. தாய் அதைத் தாங்கியிருந்தாலும், அவர் கேட்டுப் பெற்றதன்று. மருத்துவர் சொன்ன இவ்விரண்டையும் அவருடைய மாமியாரிடம் நானே மறுபடி சொன்னேன். தாயாருக்கும் அவருடைய சகோதரிக்கும் இப்போது பரிசோதனைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். பையன் நாற்காலியில் அமர்ந்து தொழுகிறான். ஜுஸ்உ அம்மாவில் இன்னும் நான்கு சூராக்கள் மீதமிருக்கின்றன.