மேடையும் மருந்தும்: போர்க்கால வடக்கு கிழக்கில் உளநலப் பணியின் வரலாறு

போர் மனத்தில் விட்டுச்செல்லும் காயத்துக்கு 1980இல்தான் மருத்துவப் பட்டியலில் தனி இடம் கிடைத்தது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் அவ்வாண்டு வெளியிட்ட நோய் வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பில் அது சேர்க்கப்பட்டது. வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் நிலை அதற்கு முக்கிய காரணம். போர்க்களம் எங்கோ தொலைவில் இருக்கிறது, அதன் நினைவு மட்டும் ஊர் திரும்பியவரை விடாமல் துரத்துகிறது என்பதே அந்த வரையறைக்குப் பின்னிருந்த படம். அடுத்த ஆண்டு இலங்கையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்முறைக்குப் பின் போர் முற்றியது. ஆனால், தொலைவில் இருக்கும் போர்க்களம் என்ற அந்தப் படம் இங்கே பொருந்தவில்லை: இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் செல் விழுந்த அதே வீட்டில்தான் மறுநாளும் உலை வைக்க வேண்டியிருந்தது. நடந்ததை ஆறுதலாக நினைத்துப் பார்க்கும் இடைவெளி அங்கு எவருக்கும் வாய்க்கவில்லை.

மருத்துவர்கள் மிகச் சிலர். மனநோய் என்றாலே 'விசர்' என்று ஊர் பேசும் என்ற அச்சம் வேறு. இந்த வெற்றிடத்தில் முதலில் வந்து நின்றவர்கள் நாடகக்காரர்களும் கவிஞர்களும்தான். மருத்துவம் அவர்களோடு கைகோத்துக்கொண்டது என்பதே இந்த நாற்பதாண்டு வரலாற்றின் தனித்தன்மை.

அதற்கான களம் போருக்கு முன்பே தயாராகியிருந்தது. குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரி, நடிப்பைக் கற்றுக்கொடுத்ததோடு நிற்கவில்லை. உடலைத் தளர்த்துவது, கூடி விளையாடுவது, கூச்சமின்றிப் பேசுவது ஆகியவற்றையும் பயிற்சியாக்கியது. அவர் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' 1985இல் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஊர்களுக்குப் போனது. மக்கள் தங்கள் துன்பத்தை அயலவரோடு சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள். தனித்தனி வீடுகளுக்குள் அடக்கி வைத்த அழுகைக்கு ஒரு பொது இடம் கிடைத்தது. அதே காலத்தில் பெண்களும் வாய் திறந்தார்கள். 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி தெருவில் இறங்கியது. 1986இல் பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' என்ற கவிதைத் தொகுப்பை வெளியிட்டது.

உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இந்தக் காலத்தில்தான் யாழ் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பணியாற்றினார். 1987இல் சாந்திகம் என்ற உளவளத்துணை நிலையம் யாழ்ப்பாணத்தில் உருவானது. மருத்துவ பீட விரிவுரையாளர் ராஜனி திராணகம, ராஜன் ஹூல், கோ. சிறீதரன் ஆகியோருடன் இணைந்து சோமசுந்தரம் எழுதிய 'முறிந்த பனை' 1990இல் வந்தது. அதற்கு முன்பே, 1989 செப்டம்பர் 21 அன்று, ராஜனி சுட்டுக் கொல்லப்பட்டுவிட்டார். இந்திய அமைதிப்படைக் காலத்தில் பெண்கள் பட்ட பாட்டை நேரில் கேட்டு எழுதியவர் அவர். கொடுமைக்குள்ளானவர் சொல்வதைப் பதிவு செய்வதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை உலகின் பல நாடுகள் உணர்ந்துகொண்டிருந்த காலம் அது. யாழ்ப்பாணத்தில் அந்தப் பதிவின் விலை உயிராக இருந்தது.

1991ஆம் ஆண்டை ஆய்வாளர் எவரும் அவசரமாகக் கடந்துவிட முடியாது. சண்முகலிங்கத்தின் 'அன்னை இட்ட தீ' அவ்வாண்டுப் படைப்பு. தாயின் ஈமத்தீ முன் பட்டினத்தார் பாடிய பாடலிலிருந்து தலைப்பை எடுத்துக்கொண்ட அந்நாடகம், போர் குடும்பங்களின் மனத்தில் ஏற்படுத்திய காயங்களையே பொருளாகக் கொண்டது. மருத்துவம் அறிந்ததை அரங்கின் மொழியில் சொன்ன முன்னோடி முயற்சி அது. அதே ஆண்டு மே மாதம், 'சொல்லாத சேதிகள்' வழியாக அறியப்பட்ட இளங்கவிஞர் சிவரமணி, தம் கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். எழுதினால் மனம் ஆறிவிடும் என்று எளிதாகச் சொல்பவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சொல்வதற்கு ஒரு மொழி இருந்தால் மட்டும் போதாது. கேட்கும் சமூகமும், சொன்ன பிறகு அச்சமின்றி வாழும் சூழலும் வேண்டும்.

சடங்கின் பங்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஆண்டுத் திவசம், பெண்களின் ஒப்பாரி ஆகியவை துக்கத்துக்கு ஒரு வழியையும் ஒரு முடிவையும் வைத்திருந்தன. உடலே கிடைக்காத குடும்பங்களுக்கு இந்த வழி அடைபட்டுப் போனது. மட்டக்களப்பில் 1990களில் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் பற்றீசியா லோரன்ஸ், அம்மன் கோயில்களில் தெய்வமாடுபவர்களிடம் காணாமற்போன பிள்ளைகளைப் பற்றிக் கேட்க மக்கள் திரண்டதை விரிவாக எழுதியிருக்கிறார். வாய்விட்டுக் கேட்டாலே ஆபத்து என்ற காலத்தில், காணாமற்போனவரின் வலியைத் தெய்வமாடுபவர் தம் உடலில் ஏற்றுக் காட்டினார். சோமசுந்தரமும் இத்தகைய மரபுகளை மூடநம்பிக்கை என்று ஒதுக்கவில்லை. மந்திர ஜெபம், இஸ்லாமியரின் திக்ர், சவாசனம் என அவரவர் மதத்துக்கும் பழக்கத்துக்கும் ஏற்ற தளர்வு முறைகளைச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார்.

சிறுவர்களுக்கென ஓர் இடம் மட்டக்களப்பில் உருவானது. 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் சத்துருக்கொண்டானிலும் நடந்த படுகொலைகள் தமிழரையும் முஸ்லிம்களையும் ஒருவரையொருவர் அஞ்சும் அயலவராக்கியிருந்தன. 1996இல் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவுக்கு இரு சமூகப் பிள்ளைகளும் ஒரே பேருந்தில் வந்தார்கள். களிமண் பிசைந்தார்கள், நிறம் தீட்டினார்கள், செடி நட்டார்கள், தாங்களே கதை கட்டி நடித்தார்கள். மாதக்கணக்கில் வாரந்தோறும் இது தொடர்ந்தது. என்ன நடந்தது என்று பிள்ளையைத் துருவிக் கேட்காமல், பிள்ளை தானாகக் கட்டும் கதைக்காகக் காத்திருந்ததுதான் அந்தப் பூங்காவின் முறை.

1995 அக்டோபர் இறுதியில், போருக்கு அஞ்சி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதி ஒரே இரவில் எழுந்து நடந்தது. இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தார்கள். சிதம்பரநாதனின் செயல்திறன் அரங்க இயக்கம், பார்வையாளரையும் பங்காளராக்கும் அரங்க விளையாட்டுகளோடு பாதிக்கப்பட்ட மக்களிடம் போனது. அந்த ஆற்றல் ஆற்றுப்படுத்தலோடு நின்றுவிடவில்லை. 2001 ஜனவரியில் யாழ் பல்கலைக்கழகத்தில் எழுந்த பொங்கு தமிழ் நிகழ்வில் அரங்கின் உத்திகள் அரசியல் திரட்டலுக்குப் பயன்பட்டன. ஆறுதலும் அணிதிரட்டலும் ஒரே மேடையில் நின்றதைப் பெருமையாகக் கருதுபவர்கள் உண்டு. தனிமனிதத் துயரம் கூட்டக் குரலுக்குள் கரைந்துபோகும் ஆபத்தும் அதில் இருந்தது.

2004 டிசம்பர் 26 கடற்கோளுக்குப் பின் பணமும் நிபுணர்களும் வந்து குவிந்தபோது, உள்ளூர் உளநலப் பணியாளர்களிடம் பல ஆண்டு அனுபவம் சேர்ந்திருந்தது. சோமசுந்தரம் 2007இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை கூட்டு மனவடு என்ற கருத்தை முன்வைத்தது. அவநம்பிக்கை, மௌனம், பிறரை எதிர்பார்த்தே வாழும் பழக்கம் ஆகியவற்றைக் குடும்பமும் ஊரும் சேர்ந்து சுமக்கும் நோய்க்குறிகளாக அவர் கண்டார். தனி அறையில் ஒருவரோடு ஒருவர் பேசும் உளவளத்துணை மட்டும் இதற்குப் போதாது என்பது அதன் சாரம். ஊர் ஊராக அலைந்த நாடகக்காரர்கள் அனுபவத்தில் அறிந்திருந்ததற்கு மருத்துவ ஆய்விதழில் சான்று கிடைத்தது.

2009 மே மாதம் போர் முடிந்த பின் நிலைமை மாறியது. வன்னியில் உளசமூகப் பணிகளுக்கு அரசின் அனுமதி கிடைப்பது அரிதானது. இறந்தோரைப் பொதுவில் நினைவுகூர்வதற்கும் தடைகள் இருந்தன. ஓவியர் தா. சனாதனன் அப்போது வேறொரு வழி கண்டார். இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம் அவர்கள் இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அந்தக் கோடுகளும் கதைகளும் அவருடைய ஓவியங்களும் சேர்ந்து 2011இல், ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடான தோம்பின் பெயரைத் தாங்கிய நூலாக வந்தன. கிணறு எங்கே இருந்தது, எந்த மூலையில் சாமியறை என்று ஒருவர் வரையும்போது அவர் இழப்பைப் பட்டியலிடுகிறார், அதே நேரம் உரிமையையும் பதிவு செய்கிறார். பா. அகிலனின் 'சரமகவிகள்' தொகுப்பும் அவ்வாண்டுதான் வெளிவந்தது. யாழ்ப்பாணத்தில் அந்தியேட்டியன்று உறவினர் அச்சிட்டு வழங்கும் கல்வெட்டுப் பாடல்களின் மரபை நினைவூட்டும் தலைப்பு, கல்வெட்டு அச்சிட ஆளில்லாமல் இறந்தவர்களின் காலத்துக்கு வந்து சேர்ந்தது.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டப் பந்தல் அமைத்தார்கள். 2018இல் காணாமற்போனோர் அலுவலகம் இயங்கத் தொடங்கிய பின்னும் அவர்கள் ஓயவில்லை. பிள்ளையின் படத்தை ஏந்தி நிற்கும் தாய்க்கு உளவளத்துணையாளர் துணை நிற்கலாம், கலைஞர் அவருடைய கதையைக் காப்பாற்றலாம். அந்தப் பிள்ளைக்கு அந்தியேட்டி செய்யலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் தகவல் மட்டும் இருவரிடமும் இல்லை. அதைத் தரவேண்டிய பொறுப்பு அரசினுடையது.