கூலிக்காரியின் உடம்பும் சட்ட மருத்துவமும்

பழைய மருத்துவப் புத்தகம் சேர்க்கிறேன் என்றால் சிரிக்கிறார்கள். அதிலும் பாலுறவு, ஆண் பெண் உடம்பு பற்றிய அத்தியாயங்களுக்காகவே சேர்க்கிறேன் என்றால் சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிடுகிறது. பெரும்பாலும் திருவல்லிக்கேணி நடைபாதையில் வாங்கியவை. வக்கீல் வீட்டில் பெரியவர் செத்தால் புத்தகம் எடைக்கு வரும். மற்றவர்கள் முதல் பதிப்பு, கிழியாத அட்டை தேடுவார்கள். எனக்கு எவனோ படித்துக் கோடு போட்ட பிரதிதான் வேணும்.

கல்கத்தாவில் இருந்த வெள்ளைக்கார டாக்டர் நார்மன் செவர்ஸ் 1856இல் வங்காளத்துக்கும் வடமேற்கு மாகாணங்களுக்கும் ஒரு சட்ட மருத்துவ நூல் போட்டார். 1870இல் அது இந்தியா முழுமைக்குமானதாகப் பெருத்தது. பிறகு 1920இல் ஜெய்சிங் பி. மோடியின் பாடநூல். நூறு வருஷமாகப் பதிப்புமேல் பதிப்பு. டாக்டர், வக்கீல், நீதிபதி மூன்று பேர் மேசையிலும் அது இருந்தது.

என்னிடம் உள்ள பிரதியில் பலாத்காரம் பற்றிய பகுதியில் ஒரு இடத்தில் சிவப்புப் பென்சில் கோடு. விஷயம் இதுதான்: கூலி வேலைக்குப் போகிறவள் கடின உழைப்புக்குப் பழகியவள், நாலு அடி கொடுத்துத் தப்பிவிடுவாள், வசதியான வீட்டுப் பெண்தான் பயத்தில் சோர்ந்து விழக்கூடும். அதாவது நம்ம பொம்பளை புகார் சொன்னால், அவள் ஏன் அடிக்கவில்லை என்பதே அவளுக்கு எதிரான சாட்சி.

இதை எங்க அத்தைக்குப் படித்துக் காட்டினேன். முப்பது வருஷம் நடவு நட்டவள். "அடிக்கத் தெரியாமலாடா இருக்குது? கதிரறுக்கிற கை. ஒரு போடு போட்டா எந்திரிக்க மாட்டான். போட்டப்புறம் மறுநாள் எவன் வயல்ல எறங்குறது? ராத்திரி சேரி எரிஞ்சா அந்த டாக்டரு வந்து அணைப்பானா?" என்றாள். செவர்ஸிலிருந்து மோடி வரை இந்தக் கேள்விக்கு ஒரு பக்கம் கிடையாது.

இன்னொரு சொல் 'பழக்கப்பட்ட'. மொராதாபாத்தில் பெண் உடை உடுத்திப் பாட்டுப் பாடிய ஒருவரைப் பிடித்து, டாக்டரை வைத்து ஆசனவாயைப் பார்த்து, பழக்கப்பட்டவர் என்று தண்டித்தார்கள். 1857இலேயே பாரிசில் தார்தியூ என்ற டாக்டர் இந்த மாதிரி அடையாளங்களை எழுதிவைத்திருந்தார். எந்த நாள், எந்த இடம், யாரோடு என்று எதுவுமே நிரூபிக்கப்படாததால் 1884இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது.

1972இல் மகாராஷ்டிரத்தில் தேசாய்கஞ்ச் போலீஸ் நிலையத்துக்குள் மதுராவுக்கு நடந்ததிலும் அதே சொல். ஆதிவாசிச் சிறுமி, கூலி வேலை செய்தவள். டாக்டர் இரண்டு விரல் வைத்துப் பார்த்தார். கீழ்க்கோர்ட் அவளைப் பழக்கப்பட்டவள் என்றது. 1978இல் உச்சநீதிமன்றம், உடம்பில் காயமில்லை என்று போலீஸ்காரர்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டது. காயமில்லையாம்! சிவப்புக் கோடு போட்ட இடத்தை மறுபடி பாருங்கள்.

இரண்டு விரல் சோதனை கூடாது என்று உச்சநீதிமன்றம் 2013இல் சொன்னது. கேட்கவில்லை போலும். 2022இல் திரும்பவும் சொல்லி, மருத்துவப் பாடத்திட்டத்திலிருந்தே அதை எடுக்கச் சொன்னது.

செவர்ஸின் 1856 பதிப்பு இன்னும் என்னிடம் இல்லை. வாசகர் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து பார்த்துக் குறிப்பெடுத்துக்கொள்கிறேன். அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. யாராவது கோடு போட்டிருந்தால் ரொம்ப நல்லது.