பசளை எறிதலும் கருக்கட்டலும்

கிளிநொச்சிக் கமக்காரர் ஒருவரிடம் "உரம் போட்டாச்சோ?" என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி விளங்கும், ஆனால் "பசளை எறிஞ்சு ஒரு கிழமையாச்சு" என்றுதான் பதில் வரும். தமிழ்நாட்டாருக்குப் பசளை என்றதும் கீரை ஞாபகம் வரலாம். நமக்கு அந்தக் கொடி பசளி. பசளை வயலுக்குப் போவது. ஆனால் அது வருகிற பைக்கு மட்டும் உரப்பை என்றே பெயர். யூரியா தீர்ந்த பிறகு அதில் நெல் கட்டுவோம், தேங்காய் கட்டுவோம். போரால் இடம்பெயர்ந்த காலத்தில் சட்டிபானையும் உடுபுடவையும் அதற்குள்தான் போயின. வயலில் பசளைக்கு இடம்விட்ட உரம் என்ற சொல், பையில் தங்கிவிட்டது.

உரம் என்றால் முதலில் வலிமை. குறளில் அது மனத்திண்மையைக் குறிக்கிறது. பயிருக்கு இடுவதை வள்ளுவர் எரு என்றே சொல்கிறார், உழுவதைவிட அது நல்லது என்றும் சொல்கிறார். எரு இன்றைக்கும் வன்னியில் உயிரோடு இருக்கும் சொல். மாட்டெரு, ஆட்டெரு என்போம். வயலில் பட்டி அடைத்தால் மாடுகளே எருவைப் போட்டுவிடும். இலைதழையை மண்ணுக்குள் புதைப்பது குழை தாழ்த்தல். பையில் வருவது பசளை; விதைப்போடு இடுவது அடிக்கட்டு, பயிர் வளர்ந்தபின் எறிவது மேற்கட்டு. பாடநூல்காரர் 'வளமாக்கி' என்றும் ஒன்றைச் செய்து தந்தார்கள். பரீட்சைத் தாளைத் தாண்டி அது வரம்பு ஏறவில்லை.

இத்தனை வேலைக்கும் ஆங்கிலம் 'ஃபெர்ட்டிலைசேஷன்' என்ற ஒரு பொதுச்சொல்லை வைத்திருக்கிறது. அது போதாதென்று, கரு உண்டாவதற்கும் அதே சொல்தான். மூலம் இலத்தீன் 'ஃபெர்ரே': சுமத்தல், தாங்குதல். விளைச்சலைத் தாங்கும் நிலமும் பிள்ளையைத் தாங்கும் வயிறும் அந்த வேரில் ஒன்றாகிவிடுகின்றன. மண்ணுக்கு ஊட்டம் கொடுப்பது என்ற பொருள்தான் முதலில் வந்தது. உயிரியல் பொருள் 19ஆம் நூற்றாண்டில் வலுத்தது. 1862இல் டார்வின் ஓர்க்கிட் மலர்களைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலும் இச்சொல்லின் வினைவடிவம் உண்டு. பூச்சிகள் மகரந்தம் சுமப்பதைப் பற்றிய நூல் அது. மகரந்தச் சேர்க்கையும் கருக்கட்டலும் வேறுவேறு என்று இன்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையே சொல்லும்; அன்றைய ஆங்கிலம் இரண்டையும் ஒன்றாகவே வைத்திருந்தது.

தமிழில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. தமிழ்நாட்டில் கருவுறுதல், இலங்கையில் கருக்கட்டல். எனக்குப் பின்னதே பிடிக்கும். நடக்கிற காரியத்தை அது சொல்லிவிடுகிறது. இரணைமடுக் குளத்தின் கீழ் ஒரே நெற்பயிரில் பசளை எறிதலையும் கருக்கட்டலையும் பார்க்கலாம். குடலைப் பருவத்துக்கு முன்னர் கடைசி மேற்கட்டு எறிவார்கள். பிறகு கதிர் வெளிவந்து, முற்பகலில் பூ விரியும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மூடிவிடும். நெல் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை செய்வது. அதற்குள்ளே நடப்பது இரட்டைக் கருக்கட்டல்: ஒரு சேர்க்கை முளையத்தைத் தரும், மற்றது வித்தகவிழையத்தை. நாம் சோறாக்கித் தின்பது பெரும்பாலும் அந்த இரண்டாவதைத்தான்.

பசளைக்கு வன்னியில் வேறொரு வரலாறும் உண்டு. போர் நடந்த 1990களில் இங்கே கொண்டுவரக் கூடாத பொருட்களின் பட்டியலில் யூரியா இருந்தது. வெடிமருந்து செய்யலாம் என்பது காரணம். அதே யூரியா 2021 மே மாதத்தில் நாடு முழுவதற்கும் தடையானது. இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு நிறுத்தியபோது இயற்கைப் பசளைக்கான 'சேதனப் பசளை' என்ற அலுவலகச் சொல் எல்லார் வாயிலும் புகுந்தது. நவம்பரில் தடை தளர்ந்தது. காலபோகப் பயிருக்கு அதற்குள் அடி விழுந்துவிட்டது.

சேதனம் என்றால் உயிருணர்வு. அசேதனம் அது இல்லாதது. யூரியாவை அசேதனப் பட்டியலில் போட்டிருக்கிறார்கள். இரசாயனம் படித்தவருக்குச் சிரிப்பு வரும். 1828இல் இரசாயனவியலாளர் வோலர் ஆய்வுகூடத்தில் யூரியாவை உண்டாக்கிய பிறகுதானே, சேதனப் பொருளை உயிர் மட்டுமே ஆக்கும் என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது! இரசாயன நூலில் யூரியா சேதனச் சேர்வை, கமநல சேவை நிலையத்தில் அசேதனப் பசளை. பிள்ளைக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது?

துண்டுப்பிரசுரமும் பாடநூலும் மொழிபெயர்ப்பவர்களிடம் ஒன்று கேட்கலாம். 'ஃபெர்ட்டிலைசேஷன்' என்ற ஆங்கிலச் சொல் வரும்போது அகராதியில் முதலில் நிற்பதை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். மண்ணுக்கு என்றால் பசளையிடல், பூவுக்கு என்றால் கருக்கட்டல் என்று எழுதுங்கள். எரு, குழை, அடிக்கட்டு, மேற்கட்டு எல்லாம் கமக்காரர் கையிலேயே இருக்கின்றன. புதுச்சொல் செய்யுமுன் அவர்களைக் கேளுங்கள்.