ரூட் பாஸ்வேர்டு யாரிடம் இருந்தது?

2008 அக்டோபர். திருச்செங்கோடு பக்கத்தில் ஒரு மகளிர் கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் நான் உதவியாளராகச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. அன்று இயங்குதளப் பாடத்துக்குச் செய்முறைத் தேர்வு. வெளித்தேர்வாளர் வந்துவிட்டார். முப்பது மாணவிகள் ரெக்கார்டு நோட்டை அணைத்தபடி வராண்டாவில் நின்றார்கள். தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு தொடங்கியிருந்த காலம். ஒன்பதரை மணிக்கு மின்சாரம் போனது. யு.பி.எஸ். பேட்டரி பழசு, ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை.

மின்சாரம் திரும்பியதும் மாணவிகளின் கணினிகள் எல்லாம் எழுந்துவிட்டன. அவை இணைய வேண்டிய லினக்ஸ் சர்வர் மட்டும் எழவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், கோப்பு முறைமையில் பிழை இருக்கிறது, கையால் சரிபார்க்க வேண்டும், பராமரிப்புக்கு ரூட் பாஸ்வேர்டைக் கொடு என்று ஆங்கிலத்தில் கேட்டு நின்றது.

ரூட் என்பது ஒரு லினக்ஸ் கணினியில் எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு. வீட்டில் பீரோ சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் வீட்டுக்குப் பெரியவர் இல்லையா, அதுபோல. எங்கள் ஆய்வகத்தின் ரூட் பாஸ்வேர்டு ஒரு சாரிடம் இருந்தது. அவர் அன்று வேறொரு கல்லூரிக்குத் தேர்வாளராகப் போயிருந்தார், அலைபேசி அணைந்திருந்தது. தினமும் காலையில் அந்த சர்வரை இயக்கி, மாலையில் நிறுத்தி, தூசு துடைத்து, மாணவிகளுக்குக் கணக்குத் திறந்து கொடுக்கச் சொல்லி சாரிடம் சீட்டு நீட்டியவள் நான். எனக்கு அது தெரியாது.

கடைசியில் சேலத்தில் சர்வரை விற்ற கடைக்குத் தொலைபேசி போட்டோம். ஒன்றரை மணி நேரத்தில் பைக்கில் ஒரு தம்பி வந்தார். என் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரூட் பாஸ்வேர்டை அவரே அடித்தார்! நிறுவிக் கொடுத்தவர் என்பதால் அவருக்கு அது தெரிந்திருந்தது. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்குத் தெரிந்தது, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவளுக்குத் தெரியவில்லை. அவர் மளமளவென்று ஏதோ தட்டினார். நான் எட்டிப் பார்த்து, “என்னங்க பண்ணுனீங்க?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “உங்களுக்கு எதுக்குங்க மேடம் இந்தத் தலவலி? ஒரு போன் போட்டீங்கன்னா நான் வந்துட்டுப் போறேன்.”

அவர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே உதவத்தான் வந்தார். ஆனால் அந்த உதவி முடிந்தபோது என் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அடுத்த மின்வெட்டுக்கும் நான் அதே இடத்தில்தான் நிற்பேன். அவருக்கு ஒரு அழைப்பு வந்து வராண்டாவுக்குப் போன நேரத்தில், எனக்குத் தெரிந்த ஒரே கட்டளையைத் தட்டினேன்: ‘ஹிஸ்டரி’. அதுவரை அந்த அமர்வில் அடித்த கட்டளைகளை வரிசையாகக் காட்டும் கட்டளை அது. நான்கு வரிகள் வந்தன. என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். நான் எழுதிய முதல் வரலாறு அதுதான்.

*

கட்டற்ற மென்பொருளின் வரலாற்றைப் படித்தால் 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் ‘குனு’ திட்டத்தை அறிவித்ததும், 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருநிரலை வெளியிட்டதும் கட்டாயம் இருக்கும். எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற நான்கு சுதந்திரங்களும் இருக்கும். எனக்கு அவை பிடித்தவை. ஆனால் நடுராத்திரியிலோ தேர்வு நாளிலோ கணினி நின்றுபோனால் யார் உதவுவார்கள் என்று எந்த உரிமமும் சொல்வதில்லை. கேட்டால், “சமூகம் உதவும்” என்பார்கள்.

அந்தச் சமூகம் எங்கே கூடியது? தமிழ்நாட்டில் மிகப் பழைய குழுக்களில் ஒன்று சென்னை லினக்ஸ் பயனர் குழு. அப்போது மாதம் ஒரு சனிக்கிழமை ஐ.ஐ.டி. வளாகத்தில் கூடுவார்கள். யாரும் வரலாம், கட்டணம் இல்லை. ராசிபுரம் பக்கத்து ஊரிலிருந்து போக ஒரு இரவுப் பயணம், வர ஒரு இரவுப் பயணம். ஆறு மணிக்கு மேல் பஸ் ஸ்டாண்டில் நின்றாலே வீட்டுக்குச் செய்தி போய்விடுகிற ஊரில் இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு இந்தக் கதவு திறந்திருந்தும் திறக்காத கதவுதான். உள்ளூரில் பிரவுசிங் சென்டர்கள் இருந்தன. மறைப்பு வைத்த அறைகளில் பையன்கள் உட்கார்ந்திருக்கும் அந்த இடத்துக்குத் தேர்வு முடிவு பார்க்கப் போவதற்கே அண்ணனோ தம்பியோ துணைக்கு வர வேண்டும்.

கேள்வி கேட்பதற்கும் ஒரு இலக்கணம் வகுத்திருந்தார்கள். எரிக் ரேமண்ட் 2001-ல் எழுதி வெளியிட்ட ‘புத்திசாலித்தனமாகக் கேள்வி கேட்பது எப்படி’ என்ற ஆங்கில வழிகாட்டி உலகம் முழுக்கப் பரவியது. கேட்கும் முன் நீங்களே தேடிப்பாருங்கள், பிழைச் செய்தியை அப்படியே எழுதுங்கள், எந்தப் பதிப்பு என்று சொல்லுங்கள் என்ற அதன் அறிவுரைகள் நல்லவை, நானும் பின்பற்றினேன். ஆனால் பதில் கடுமையாக வந்தால் மனதில் வைத்துக்கொள்ளாதே என்றும் அது சொல்கிறது. வீட்டில், பஸ்ஸில், வகுப்பில் ஏற்கெனவே “உனக்கெதுக்கு இது” என்று கேட்டுக் கேட்டு வந்தவளுக்கு இன்னொரு கடுஞ்சொல் வெறும் நடைமுறைச் சிக்கல் இல்லை. அவள் அடுத்த கேள்வியைக் கேட்கவே மாட்டாள்.

இதைப் பெண்கள் அப்போதே சொன்னார்கள். லினக்ஸ் பயன்படுத்தும் பெண்களுக்காக 1999-ல் டெப் ரிச்சர்ட்சன் ‘லினக்ஸ்சிக்ஸ்’ குழுவைத் தொடங்கினார். 2002-ல் வேல் ஹென்சன் என்ற கருநிரல் நிரலாளர், லினக்ஸில் பெண்களை ஊக்குவிப்பது எப்படி என்று ஒரு கையேடு எழுதினார். பின்னாளில் வேலரி அரோரா என்று பெயர் மாற்றிக்கொண்டவர் அவர். அந்தக் கையேட்டில் ஆண்களுக்குச் சொல்லப்பட்ட விஷயங்களில் ஒன்று: உதவும்போது அவள் கையிலிருந்து விசைப்பலகையைப் பிடுங்காதீர்கள். பல ஆண்டுகள் கழித்து இதைப் படித்தபோது, சேலத்துத் தம்பி என் நாற்காலியை இழுத்துப் போட்டது கண்ணில் வந்து நின்றது. 2006-ல் ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடந்த ‘ஃப்ளாஸ்போல்ஸ்’ ஆய்வு, கட்டற்ற மென்பொருள் சமூகங்களில் பெண்கள் ஏறக்குறைய 1.5 சதவீதம் என்று கணக்கிட்டது. தனியுரிம மென்பொருள் துறையில் அது 28 சதவீதம். விலை கொடுத்து வாங்கும் மென்பொருளை எழுதும் இடத்தில் பெண்கள் இருந்தார்கள். ‘சுதந்திரம்’ என்று பெயர் வைத்த இடத்தில்தான் இல்லை. திறமைதான் காரணம் என்றால் இந்த இரண்டு எண்களும் இப்படி விலகி நிற்காது.

*

எங்களுக்குத் திறந்த ஒரு கதவு, தபால். உபுண்டு லினக்ஸை வெளியிடும் நிறுவனம் 2005 முதல் 2011 வரை, கேட்டவர்களுக்கெல்லாம் குறுந்தகடுகளை இலவசமாகத் தபாலில் அனுப்பியது. நானும் முகவரி எழுதிப் போட்டேன். சில வாரங்கள் கழித்துத் தபால்காரர் கொண்டுவந்தார். லாரி லோடு இறக்கிவிட்டு வந்திருந்த அப்பா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வெளிநாட்டுல உனக்கு யாரு கண்ணு?” அது இலவசம் என்பதையும், அனுப்பியது எந்தப் பையனும் இல்லை என்பதையும் நம்பவைக்க ஒரு சாயங்காலம் ஆனது. ஆனால் அந்தத் தகட்டுக்காக நான் வாசல்படி தாண்ட வேண்டியிருக்கவில்லை.

தேர்வு நாளுக்குப் பிறகு, ஆய்வக மூலையில் கிடந்த ஒரு பழைய கணினியில் அந்தத் தகட்டைப் போட்டு, நோட்டில் எழுதிய நான்கு வரிகளையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். லினக்ஸில் விளக்கம் கேட்கும் கட்டளையின் பெயர் ‘மேன்’. மேனுவல் என்பதன் சுருக்கம்தான். இருந்தாலும் “இங்கயும் ஆம்பளையத்தான் கேக்கணுமா மேடம்?” என்று மாணவிகள் சிரிப்பார்கள். அதில் தேடியபோது தெரிந்தது: அந்தத் தம்பி ஓடவிட்டது எஃப்.எஸ்.சி.கே. என்ற கோப்பு முறைமைச் சரிபார்ப்புக் கட்டளை. மின்சாரம் திடீரென்று போனால் பாதி எழுதப்பட்ட கோப்புகளின் கணக்கு வழக்கு குழம்பிவிடும், அதைச் சரிசெய்வது இது. கூடவே அவர் ஒரு ‘ஒய்’ சேர்த்திருந்தார். அது கேட்கும் எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’ என்று பொருள். சில மாணவிகளின் நிரல்கள் பெயர் இழந்து, ‘லாஸ்ட் ஃபவுண்ட்’ என்ற அடைவில் வெறும் எண்களாகக் கிடந்தன. எங்களைக் கேட்டிருந்தால், முடிந்தவரை முதலில் நகல் எடுக்கச் சொல்லியிருப்போம். யாரும் எங்களைக் கேட்கவில்லை.

துறைத்தலைவர் மேடத்திடம் போய் ரூட் பாஸ்வேர்டு வேண்டும் என்றேன். தயங்கினார். “ஏதாவது ஆச்சுன்னா யாரும்மா பொறுப்பு?” என்றார். “அன்னைக்கு ஆனப்ப யாருங்க மேடம் பொறுப்பா இருந்தாங்க?” என்று கேட்டுவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு வழி சொன்னார்: பாஸ்வேர்டை எழுதி, உறையில் ஒட்டி, கையெழுத்துப் போட்டு, ஆய்வக அலமாரியில் வைப்பது, திறந்தால் தேதியும் காரணமும் நோட்டில் எழுதுவது. 2009-ல் சர்வர் மறுபடி நின்றபோது உறையைக் கிழித்தது நான்தான். விரல் நடுங்கியது. ‘ஒய்’ சேர்க்காமல் ஒவ்வொரு கேள்வியாகப் படித்துப் பதில் சொன்னேன். நாற்பது நிமிடம் ஆனது. அன்று சேலத்துக்கு யாரும் தொலைபேசி போடவில்லை.

*

அரசும் அதே காலத்தில் லினக்ஸ் பக்கம் வந்தது. சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது எல்காட் நிறுவனம் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் சேர்ந்து வந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. அரசுப் பள்ளிப் பெண்களின் கைக்கு, அவர்கள் பெயரிலேயே, ஒரு கணினி வந்த முதல் தருணம். அதோடு வந்த லினக்ஸைப் பெரும்பாலோர் திறந்தே பார்க்கவில்லை. கடைக்குப் போனால் “இது எதுக்குங்க, அழிச்சிட்டு வேற போட்டுத் தர்றேன்” என்பார்கள்.

2012-ல் முதலாமாண்டு சேர்ந்த ஒரு மாணவி மடிக்கணினியைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வந்தாள். அண்ணனின் நண்பர் விண்டோஸை மறுபடி நிறுவியதில் பாஸ் காணாமல் போயிருந்தது. அவள் பள்ளியில் எடுத்த படங்களும் எழுதிய கவிதைகளும் அதற்குள் இருந்தன. “கடைக்குக் குடுத்தா எல்லாத்தையும் தொறந்து பார்ப்பாங்கல்ல மேடம்?” என்றாள். நம் வீடுகளில் ஒரு படம் வெளியே போனால் படிப்பு நின்றுவிடும், கல்யாணம் முடிவாகிவிடும். அவள் பயம் தொழில்நுட்பப் பயம் இல்லை. ஒரு பெண்ணுக்கு நம்பிக்கையான கணினி உதவி கிடைக்கவில்லை என்றால், கணினியோடு சேர்ந்து அவளுடைய அந்தரங்கமும் யாரோ ஒருவர் மேசைக்குப் போகிறது.

அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பாஸ் அழியவில்லை. விண்டோஸை நிறுவும்போது அது வட்டின் முதல் பகுதியில் தன் தொடக்க நிரலை எழுதிவிடும், லினக்ஸுக்குப் போகும் வழிகாட்டிப் பலகை மட்டும் போய்விடும். தகட்டிலிருந்து லினக்ஸை இயக்கி, பழைய பாஸ் இருக்கும் பகுதியைக் கண்டுபிடித்து இணைத்து, ‘கிரப்’ எனும் அந்தப் பலகையைத் திரும்ப மாட்டினால் போதும். நான் அடித்தால் பத்து நிமிட வேலை. அவள் அடித்தாள், ஒன்றரை மணி நேரம் ஆனது. அடுத்த வாரம் அவள் தன் தோழி ஒருத்தியை அழைத்துவந்தாள், பக்கத்து ஸ்டூலில் அவளே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு புதன்கிழமை மாலைகளில் எங்கள் ஆய்வகத்துக்கு ஒரே விதி: கணினி யாருடையதோ, விசைப்பலகையும் அவளுடையது.

அந்த ஆண்டு ஜனவரியில்தான் ‘கணியம்’ மின்னிதழ் தொடங்கியது. லினக்ஸ் கட்டளைகளைத் தமிழில் விளக்கிய கட்டுரைகளை அச்செடுத்து ஆய்வகச் சுவரில் ஒட்டினோம். அதில் து. நித்யா தரவுத்தளம் பற்றி எளிய தமிழில் எழுதியதைப் பார்த்து ஒரு மாணவி, “இது எழுதுனது ஒரு அக்காவா மேடம்?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்த ஆச்சரியத்தை எந்த ஆய்வும் சதவீதத்தில் சொல்லாது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2018-ல் வந்த பதினோராம் வகுப்புப் பாடநூலிலேயே உபுண்டு இருக்கிறது. கைப்பேசியில் தமிழில் கேட்டால் பதில் வருகிறது. ஆனாலும் கல்லூரிகளுக்குப் போகும்போதெல்லாம் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் ஒன்று கேட்பேன்: “ரூட் பாஸ்வேர்டு யார்கிட்டங்க இருக்கு?” பல இடங்களில் இன்னும், “சார்கிட்ட மேடம்.”

எங்கள் பழைய நோட்டு அந்த ஆய்வக அலமாரியில்தான் இருக்கிறது. உறையைத் திறந்த தேதி, காரணம், அடித்த கட்டளை, கையெழுத்து. முதல் சில பக்கங்கள் என்னுடையவை. பிறகு வெவ்வேறு கையெழுத்துகள், எல்லாம் பெண்களுடையவை. மென்பொருள் வரலாறு எழுதுகிறவர்கள் நிரல் எழுதியவர்களின் பெயர்களைச் சேர்க்கிறார்கள். அந்த நிரல் நின்றுபோன காலை நேரங்களில் அதை எழுப்பிவிட்டவர்களின் பெயர்கள் இப்படிப்பட்ட நோட்டுகளில் இருக்கின்றன. உங்கள் கல்லூரியில், அலுவலகத்தில் அப்படி ஒரு நோட்டு இருந்தால் பழைய காகிதக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். இல்லையென்றால் இன்றைக்கே ஒன்று போடுங்கள்.