பரபக்கமும் பரசமய நிந்தையும்

பிறர் கொண்ட சமயக் கொள்கையை வினாவுதல் தகுமோ என்னும் ஐயம் எக்காலத்தும் எழுவதாகும். அவரவர் நம்பிக்கை அவரவர்க்கு உரியது. அதனைத் தீண்டாதிருத்தலே பண்பாடு என்பார் பலர். தமிழர் சமய வரலாறு இக்கூற்றுக்கு எளிதில் உடன்படுவதாயில்லை. நம் முன்னோர் பிறர் மதத்தை இடையறாது வினாவினர். அவர்கள் வினாவிய முறையிலேயே ஆராய்தற்குரிய பொருள் உளது.

மணிமேகலையின் இருபத்தேழாங் காதையை முதற்கண் நோக்குவோம். வஞ்சிமாநகரிலே மாதவன் வடிவு கொண்டு சென்ற மணிமேகலை, அளவைவாதி முதற் பூதவாதி ஈறாகப் பதின்மரைக் கண்டு அவரவர் கொள்கையைக் கூறுமாறு வேண்டுகின்றாள். காப்பியம் பௌத்தருடையது, எனினும் ஆசீவகரும் சாங்கியரும் வைசேடிகரும் தத்தம் கொள்கையைத் தாமே எடுத்துரைக்கின்றனர். கேட்டவை நல்லன அல்லவாயினும் மறுமொழி கூறேன் என்றிருந்தவள், பூதவாதியிடம் மட்டும் வாதம் தொடுக்கின்றாள். கண்ணாற் காண்பதொன்றையே ஏற்கும் அவனை நோக்கி, நின் தாய் தந்தையர் இன்னார் என்பதை அநுமானத்தாலன்றி வேறு எவ்வாறு அறிந்தாய் என வினாவுகின்றாள். ஒரு வினாவிலே முடிந்த வாதம் அது. சாத்தனார் எல்லார்க்கும் ஒப்ப இடமளித்தாரல்லர் என்பதையும் மறைத்தற்கில்லை. வைணவவாதியின் பேச்சு இரண்டடியில் முடிந்துவிடுகின்றது. சைவவாதிக்குக் கிடைத்த அடிகளும் மிகச் சிலவே. ஆயினும் கேட்டபின் வினாவுதல் என்னும் ஒழுங்கு ஆங்குப் பேணப்பட்டுள்ளது.

அவ்வொழுங்கு பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் கையில் ஒரு நூலமைப்பாகவே உருப்பெற்றது. சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இருபாலது. தம் சித்தாந்தத்தைக் கூறும் சுபக்கத்துக்கு முன்னரே பரபக்கம் வைக்கப்பட்டது. உலகாயதன், பௌத்தர் நால்வர், நிகண்டவாதி, ஆசீவகன், மாயாவாதி, பாஞ்சராத்திரி எனப் பதினான்கு மதத்தார் ஆங்கு வருகின்றனர். ஒவ்வொருவர்க்கும் முதலில் மதம், அடுத்து மறுதலை. மதத்தைக் கூறும் பகுதியை மட்டும் தனியே எடுத்துக் கற்போன், அதனை எழுதியவர் சைவர் என்பதையும் மறந்துவிடக்கூடும். மறுதலையில் எள்ளல் உண்டு, கடுஞ்சொல்லும் உண்டு. ஆனால் எதிரி சொல்லாத ஒன்றை அவன் வாயில் வைத்து, பின் அதனை வீழ்த்திக் களிக்கும் இழிதொழிலுக்கு அவ்வமைப்பில் இடம் அரிது.

இம்முறையால் எதிரிக்கும் ஒரு பயன் விளைந்தது. பௌத்தரின் குண்டலகேசி இன்று முழுநூலாகக் கிடைத்திலது. அதனை மறுக்க எழுந்த சமண நூல் நீலகேசி; அதற்குச் சமய திவாகர வாமன முனிவர் உரை கண்டார். 1936ஆம் ஆண்டு அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்த அந்நூலும் உரையும் இன்றேல், குண்டலகேசியைப் பற்றி நாம் அறிவன மிகவும் குறைந்திருக்கும். மறுத்தவன் ஏட்டிலே மறுக்கப்பட்டவன் சொல் வாழ்கின்றது.

ஈண்டுச் சைவர் தவிர்க்க விரும்பும் ஒரு செய்தியையும் எண்ணுதல் வேண்டும். மதுரையில் அனல்வாதத்தினும் புனல்வாதத்தினும் தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறினர் என்று பெரியபுராணம் கூறும். தோற்றாற் கழுவேறுவோம் எனச் சமணரே உரைத்தனர் என்பதும் அந்நூலின் கூற்று. சம்பந்தர் வாழ்ந்தது ஏழாம் நூற்றாண்டு. சேக்கிழார் பாடியது பன்னிரண்டாம் நூற்றாண்டு. ஆதலின் இதனை நடந்த வரலாறாகக் கொள்ளத் தயங்குவோர் பலர். நடந்ததோ இல்லையோ, ஏடு தீயில் எரிந்தது என்பதும் நீரை எதிர்த்துச் சென்றது என்பதும் வினாவுக்கு விடையாகா. அரசன் தண்டம் அருகில் நிற்குமிடத்து வாதம் வாதமாக நில்லாது.

யாழ்ப்பாணத்தார் இதனை மறுபுறத்திலிருந்து அறிந்தனர். 1619ஆம் ஆண்டு யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கீசர், 1621ஆம் ஆண்டு நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தனர். 1658ஆம் ஆண்டு வந்த ஒல்லாந்தர் காலத்திலே உத்தியோகத்துக்கும் விவாகப் பதிவுக்கும் ஞானஸ்நானம் வேண்டப்பட்டது. இவ்விரு காலத்தும் சைவனை நோக்கி யாரும் வினாவவில்லை. வினாவ வேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் வந்த மிஷனரிமாரின் செயல் வேறுவகைத்து. பள்ளிக்கூடமும் அச்சியந்திரமும் அவர் கருவிகள். துண்டுப் பிரசுரங்களிற் சைவத்தை இகழ்ந்த இகழ்ச்சி கொஞ்சமன்று. அவற்றுட் பல, சைவன் எதனை நம்புகின்றான் என்று கேட்டறியாமலே எழுதப்பட்டவை. எனினும் 1841ஆம் ஆண்டு தொடங்கிய உதயதாரகை, சைவர் விடுத்த மறுப்புக் கடிதங்களையும் அச்சிட்டது. அந்நேர்மைக்கு உரிய மதிப்பை அளித்தல் கடன்.

ஆறுமுக நாவலர் இச்சூழலில் வளர்ந்தவர். வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையாக நின்று விவிலியத்தைத் தமிழ்ப்படுத்தும் பணியிற் பங்கு கொண்டவர். 1854ஆம் ஆண்டு வெளிவந்த சைவதூஷணபரிகாரத்தின் வலிமை அப்பயிற்சியிலேயே உளது. ஆலயம், தீபம், தூபம், பலி, தீர்த்தம் ஆகியவற்றை மூடத்தனம் என்று இகழ்ந்தோர்க்கு, அவை பழைய ஏற்பாட்டிற் பேசப்படும் இடங்களை அதிகாரமும் வசனமும் காட்டி அவர் விடையளித்தார். விவிலியத்தைக் கல்லாத ஒருவராற் செய்யலாகாத வேலை அது. அவர் நடை எங்கும் மென்மையானது என்று எவரும் சொல்லார். பாதிரிமாரை இடித்துரைக்கும் இடங்களிற் சினம் வெளிப்படையாகவே தோன்றும்.

பிறர் சமயத்தை வினாவியவர் தம்மவரை வினாவாது விட்டாரோ எனின், விட்டிலர். 1872ஆம் ஆண்டு வெளிவந்த யாழ்ப்பாணச் சமயநிலை என்னும் சிறுநூல் பாதிரிமாரை விடுத்துச் சைவரையே நோக்கியது. ஆலயங்களில் ஆகமத்துக்கு மாறாக நடந்தவற்றையும், ஓதாதுணராத குருமாரையும் கோயிலதிகாரிகளையும் அதில் அவர் கண்டித்தார். நல்லூர்க் கோயிலாரோடு அவருக்கு எழுந்த வழக்கு எழுபதுகளில் நீண்டு நடந்தது. அவ்வழக்கில் அவருக்கு எதிர்நின்றோர் திருநீறு அணிந்தோரே.